வீடு காட்டுதல்: ஸ்காபறோவிலும் மார்க்கத்திலும் விற்க நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமாருக்கு,

ஸ்காபறோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டன் என்று எங்கே இருந்தாலும், வீட்டை விற்கிற யோசனை உங்களுக்கு இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். விற்பனைக்குப் போகிற வீடுகளை ஒதுக்கி, தளபாடம் போட்டு, படம் எடுக்கிற நாளுக்குத் தயாராக்கிக் கொடுக்கிற ‘ஸ்ரேஜிங்’தான் என் தொழில். நான் ஏஜென்ற் இல்லை. வீடு என்ன விலைக்குப் போனாலும் எனக்கு அதில் கொமிஷன் கிடையாது. அதனால் சில விசயங்களை ஏஜென்றைவிடக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

எங்கள் ஆட்களின் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது அநேகமாக இரண்டில் ஒன்று நடக்கும். “சாமியை எடு, படத்தை எடு, சமைக்காதே என்று எல்லாத்தையும் ஏஜென்ற் சொல்லிப்போட்டார்” என்று கோபத்தோடு வாசலில் நிற்பார்கள். அல்லது, “நீங்கள் என்ன செய்தாலும் சரி, வெள்ளைக்காரர் வீடு மாதிரி ஆக்கிவிடுங்கோ” என்று திறப்பைக் கையில் தந்துவிடுவார்கள். கோபப்படுகிறவர்களோடு கதைத்து விளங்கப்படுத்தலாம். திறப்பைத் தருகிறவர்கள்தான் எனக்குக் கூடுதல் கவலை. வெள்ளைக்காரர் வீடு மாதிரி ஏன் ஆக்க வேண்டும்? வாங்க வருகிறவர் யார் என்று பார்த்தீர்களா?

இந்தத் தொழிலைத் தொடக்கிவைத்தவர் என்று அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்து பார்ப் ஸ்வார்ட்ஸைச் சொல்வார்கள். காலம் 1972. சாம்பல் நிறச் செற்றி, வெள்ளைத் துவாய், குசினி மேசையில் ஒரு கிண்ணம் பச்சை அப்பிள் என்று பிறகு வந்த வாய்ப்பாடு அந்த ஊர்ப் புறநகர்க் குடும்பத்தை மனதில் வைத்து உருவானது. அதை அப்படியே கொண்டுவந்து மார்க்கம் ரோட்டும் ஸ்ரீல்ஸும் சந்திக்கிற இடத்தில் வைத்தால் சில வீட்டுக்குப் பொருந்தும், சில வீட்டுக்குப் பொருந்தாது. எந்த வீட்டுக்கு எது என்று தெரிவுசெய்வதற்குத்தான் மூளையைப் பாவிக்க வேண்டும்.

முதலில் உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் கடைசியாக விற்ற வீடுகளைப் பாருங்கள். முன்பு விற்ற விலை ஏஜென்றுகளின் கைக்குள்தான் இருந்தது. ரொறன்ரோ ரியல் எஸ்ரேற் சபைக்கும் கனடாவின் போட்டிச் சட்ட ஆணையருக்கும் இடையில் வருடக்கணக்காக இழுபட்ட வழக்கு, 2018 ஓகஸ்ற்றில் உச்ச நீதிமன்றம் சபையின் மேன்முறையீட்டை எடுக்க மறுத்ததோடு முடிந்தது. இப்போது ஹவுஸ்சிக்மா மாதிரியான இடத்தில் பெயரைப் பதிந்தால் விற்ற விலையையும் போட்ட படங்களையும் வீட்டில் இருந்தே பார்க்கலாம். விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அந்த வீடு எத்தனை நாள் கிடந்தது, இடையில் எடுத்துத் திரும்பப் போட்டார்களா, படத்தில் இருப்பது சொந்தத் தளபாடமா வாடகைத் தளபாடமா, வெறும் வீடா என்று பாருங்கள். ஒரே அச்சில் கட்டின வீடுகள் உள்ள தெரு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதே ஹோல், அதே குசினி, வேறு வேறு விதமாகக் காட்டப்பட்டு என்ன நடந்தது என்று கண்முன்னால் இருக்கும். பிறகு அந்த வீடுகளுக்கு முன்னால் ஒரு பின்னேரம் நடந்துபோங்கள். வாங்கினவர்கள் யார், தாய் தகப்பனோடு இருக்கிறார்களா, பேஸ்மென்றில் ஆள் வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

உங்களுடையது கிளிஃப்கிறெஸ்ற், பேர்ச் கிளிஃப் பக்கத்துப் பழைய பங்களா என்று வையுங்கள். காணி 50 அடி அகலம். பக்கத்தில் மூன்று பங்களாக்களை இடித்துப் பெரிய வீடு எழுப்பியாகிவிட்டது. அப்படியென்றால் உங்கள் வீட்டையும் ஒரு கட்டடக்காரர்தான் வாங்கப்போகிறார். அவர் குசினிக்குள் வரவேமாட்டார். முன்பக்கத்தை அளப்பார். பின்வளவில் நிற்கிற மரத்தை நிமிர்ந்து பார்ப்பார். ரொறன்ரோவில் நிலத்தில் இருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை மாநகரசபையின் அனுமதி இல்லாமல் வெட்ட ஏலாது. அவருடைய கணக்கு அதில்தான் ஓடும். இப்படியான வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புல்லை வெட்டுங்கள், கராஜைக் காலியாக்குங்கள். செற்றி வாடகைக்கு எடுக்கிற காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ நாலு அறை வீடு என்றால் கதை வேறு. வருவது குடும்பம். தமிழராக இருக்கலாம், சீனராக, குஜராத்தியாக, பாகிஸ்தானியராக இருக்கலாம். கூடவே ஒரு தாயோ மாமியாரோ வருவார். எங்கள் ஆட்கள் வாசல் எந்தத் திசை என்று போனில் பார்ப்பார்கள். சில சீனக் குடும்பங்கள் கதவைத் திறந்ததும் படிக்கட்டு நேரே தெரிகிறதா என்று பார்க்கும். இந்த இரண்டையும் ஸ்ரேஜிங்கால் மாற்ற முடியாது, விடுங்கள். கீழ்மாடியில் குளிக்க வசதி இருக்கிறதா, பேஸ்மென்றுக்குத் தனி வாசல் உண்டா, அடுப்புப் புகை வெளியே போகிறதா என்ற கேள்விகளும் வரும். இவற்றுக்குப் பதில் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வீட்டை ஒதுக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

சாமியறைக்கு வருவோம். எடுக்கச் சொன்னதும் மனம் நோகும், நோகத்தான் செய்யும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஒருக்கால் யோசியுங்கள். மேல்மாடியில் ஒரு முழு அறை சாமிக்கு என்றால், படத்தில் உங்கள் நாலு அறை வீடு மூன்று அறை வீடாகத் தெரிகிறது. அங்கே ஒரு கட்டில் வர வேண்டும். பெரிய படங்களைத் தம்பி வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொஞ்ச நாளைக்கு வைக்கலாம். குசினிக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரிக்குள்ளேயோ படிக்குக் கீழே மூலையிலேயோ இருக்கிறது என்றால், அதைத் தொடாதீர்கள் என்பதுதான் என் எண்ணம். பிளாஸ்ரிக் மாலைகளைக் கழற்றி, ஒன்றிரண்டு படத்தோடு விளக்கை மினுக்கி வையுங்கள். வருகிற தமிழ்க் குடும்பமும் குஜராத்திக் குடும்பமும் தங்கள் சாமிக்கும் இடம் இருக்கிறது என்று கண்டுகொள்ளும். மற்றவர்களுக்கு அது ஒரு அலுமாரி. சாமிப்படத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவர் இருக்கமாட்டாரா என்று கேட்பீர்கள். இருப்பார். பக்கத்து வீட்டு வாசலில் தொங்குகிற மாவிலைத் தோரணத்தைத் தாண்டித்தானே அவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார். அந்தத் தோரணத்தையும் நான் கழற்ற ஏலுமா?

சாமியை வைத்திருந்தாலும் எடுத்தாலும் மேலே முகட்டைப் பாருங்கள். பல வருடம் விளக்கும் சாம்பிராணியும் கற்பூரமும் ஏறின இடத்தில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு வட்டம் இருக்கும். அதன் மேல் நேரே வெள்ளைப் பெயின்ற் அடித்தால் கறை திரும்ப மேலே வந்துவிடும். கழுவிக் காயவிட்டு, கறையையும் மணத்தையும் மறிக்கிற ஷெலாக் பிறைமரை ஒரு கை அடித்து, அதன் மேல் பெயின்ற் அடிக்க வேண்டும். ஆட்கள் பார்க்க வருகிற நேரத்தில் விளக்கைக் கொளுத்திவிட்டுப் போகவும் வேண்டாம். வீட்டில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

படிக்கட்டுச் சுவரில் நாலடி உயரத்துக்கு ஒரு சாமத்தியவீட்டுப் படம் இருக்கும். பல்லக்கில் மகள், பக்கத்தில் தோழிப் பிள்ளைகள், பின்னால் வாடகைக்கு எடுத்த மயில். அதைக் கட்டாயம் இறக்குங்கள். அந்நிய ஆட்கள் வீடு முழுக்க நடந்து திரியப்போகிறார்கள் என்பது ஒன்று. மற்றது, விற்ற வீட்டின் படங்கள் இணையத்தில் கிடக்கும் என்று மேலே சொன்னேனே, அந்தப் படங்களுக்குள் உங்கள் மகளும் கிடப்பாள். இப்போது 26 வயதாகி வேலைக்குப் போகிற பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், அவள் எப்போதோ இறக்கச் சொல்லியிருப்பாள். பேச்சுப்போட்டிக் கேடயங்களையும் அரங்கேற்றப் படங்களையும் அதே பெட்டிக்குள் போடலாம். எப்படியும் வீடு மாறத்தானே போகிறீர்கள், பாதிச் சாமான் கட்டி முடிந்தது என்று வையுங்கள்.

மணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். இதில் வெட்கமும் கோபமும் கலந்து விசயம் மறைந்துபோகிறது. சாப்பாட்டு மணத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் பகிடிபட்ட பிள்ளைகள் எங்களுக்குள் நிறையப் பேர். குளிர்கால ஜக்கெற்றைக் கீழே கொளுவாமல் தன் அறை அலுமாரிக்குள் வைத்துக் கதவை இறுக்கிச் சாத்துகிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையைக் கேளுங்கள், வீட்டில் எந்தெந்த இடத்தில் மணக்கிறது என்று. உங்களுக்குத் தெரியாது. தன் வீட்டு மணம் எவருக்கும் தெரிவதில்லை. நாய் வளர்க்கிறவருக்கு நாய் மணம் தெரியாது, சிகரெற் பிடிக்கிறவருக்கு அது தெரியாது. எங்களில் மட்டும் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கு வைத்த மீன் குழம்பின் மணம் யன்னலைத் திறந்தால் போய்விடும். போகாமல் நிற்பது எண்ணெய். பொரிக்கும்போது எழும்புகிற எண்ணெய்ப் புகை குளிர்ந்து, மெல்லிய பசையாகப் படிந்து, தூசியையும் மணத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கதிரையில் ஏறி, குசினியின் மேல் அலுமாரித் தட்டுக்கு மேற்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் மஞ்சளாக, பிசுபிசுத்து வரும். அங்கே இருப்பதுதான் திரைச்சீலையிலும் காபெற்றிலும் செற்றித் துணியிலும் இருக்கிறது. அடுப்புக்கு மேலே இருக்கிற ஹூட் புகையை வெளியே அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பல வீடுகளில் அது ஒரு வலையால் வடித்துத் திரும்பக் குசினிக்குள்ளேயே ஊதுகிறது. பிறகு ஃபேர்னஸ் அந்தக் காற்றை இழுத்து எல்லா அறைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. குளிர்காலத்தில் ஆறு மாதம் யன்னல் திறபடாது. விசயம் இவ்வளவுதான். கறியில் பிழை இல்லை, காற்றோட்டத்தில் பிழை.

ஆகவே வேலையும் அந்த வரிசையில் நடக்க வேண்டும். ஹூட்டின் வலையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் பாத்திரச் சவர்க்காரம் போட்டு ஊறவையுங்கள். அலுமாரிகளை உள்ளும் புறமும், மேற்பக்கமும் சேர்த்து, எண்ணெய் நீக்கியால் துடையுங்கள். குசினிச் சுவரைக் கழுவுங்கள். ஃபேர்னஸ் வடிகட்டியைப் புதிதாக மாற்றுங்கள். கனத்த, குஞ்சம் தொங்குகிற திரைச்சீலைகளைக் கழற்றினால் மணமும் போகும், வெளிச்சமும் வரும். காபெற்றைக் கழுவிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கழுவியும் போகாவிட்டால் பேசாமல் காபெற்றை எடுத்துவிடுங்கள். பெயின்ற் கடைசி வேலை. கழுவாமல் அடிக்கிற பெயின்ற் எண்ணெய்ப் பசையில் பிடிக்காது, உரிந்துவிடும். பிளக்கில் செருகுகிற வாசனைப் போத்தல் மட்டும் வேண்டாம். உள்ளே வருகிறவர் எதை மறைக்கிறார்கள் என்றுதான் மூக்கை உறிஞ்சுவார்.

இவ்வளவும் செய்தபிறகு, வீடு விற்பனையில் இருக்கிற நாட்களில் பொரியலையும் மீனையும் நிறுத்துங்கள். ஸ்காபறோவில் இடியப்பம் வாங்க வழியில்லாமல் எவரும் பட்டினி கிடந்ததில்லை. கராஜில் மிளகாய்த்தூள் வறுக்கிற வேலையையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம், உங்கள் அயலவர்கள் அதற்காகவே சந்தோசப்படுவார்கள்.

வெளிச்சம் சின்ன விசயம், செலவும் குறைவு, ஆனால் எங்கள் வீடுகளில் அநேகமாகப் பிழைத்திருக்கும். ஒரே ஹோலில் இரண்டு பல்ப் மஞ்சள், ஒன்று நீல வெள்ளை, ஒன்று எரியாது. நவம்பரில் மணிக்கூட்டை மாற்றினபிறகு பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வேலை முடிந்து வருகிறவர் உங்கள் வீட்டை லைற் வெளிச்சத்தில்தான் பார்க்கப்போகிறார். எல்லாவற்றையும் ஒரே நிற எல்ஈடியாக மாற்றுங்கள், பெட்டியில் 3000கே என்று இருக்கும். யன்னலை மறித்து நிற்கிற கண்ணாடி அலுமாரியையும், ஒரு சுவரில் இருந்து மற்றச் சுவர் வரை நீளும் தோல் செற்றியையும் வெளியே எடுத்தால் பாதி ஸ்ரேஜிங் முடிந்தது. பாவிக்காத பீங்கான் கோப்பைகளை அந்த அலுமாரிக்குள் இருந்து எடுப்பதற்கு மட்டும் ஒரு அக்காவுக்கு ஒரு முழுநாள் தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது, நானும் கேட்டுக்கொண்டு சுற்றிக் கட்டினேன்.

குசினியைப் புதிதாக மாற்றட்டோ என்று கேட்பீர்கள். வேண்டாம். விற்பதற்காக அவசரத்தில் போடுகிற மலிவுக் குசினி வாங்குகிறவருக்கும் பிடிக்காது, உங்களுக்கும் காசு திரும்பாது. கைபிடிகளை மாற்றுங்கள், ஒழுகுகிற குழாயைத் திருத்துங்கள், அவ்வளவு போதும்.

தெருவைப் பார்த்துத் தீர்மானிப்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்காபறோவில் ஒரு செமி வீடு. அம்மம்மாவுக்கு முழங்கால் ஏலாது, படி ஏறமாட்டார். சாப்பாட்டறையில் ஒரு கட்டில் போட்டு, குறுக்கே ஒரு சீலை கட்டியிருந்தார்கள். சாப்பாட்டு மேசை கட்டாயம் வேண்டும் என்று ஏஜென்ற் சொல்லிவிட்டார். அம்மம்மா என்னைப் பார்த்து, “அப்ப நான் எங்க பிள்ளை படுக்கிறது, மேசையிலயோ?” என்றார். அந்தத் தெருவில் அதற்கு முன் விற்ற வீடுகளைப் பார்த்தோம். வாங்கினவர்கள் பெரும்பாலும் வயதானவர்களோடு வந்த குடும்பங்கள். கட்டிலை எடுக்கவில்லை. சீலையைக் கழற்றிவிட்டு, கட்டிலைச் சுவரோடு தள்ளி, வெள்ளை விரிப்புப் போட்டு, பக்கத்தில் ஒரு மேசைவிளக்கும் ஒரு நல்ல கதிரையும் வைத்தோம். மருந்துப் பேணிகள், கோமட், ஊன்றுகோல் மட்டும் படமெடுக்கிற நேரத்துக்குக் காருக்குள் போனது. கீழ்மாடியில் ஒருவர் படுக்கலாம் என்பது படத்திலேயே தெரிந்தது. அதனால்தான் விற்றது என்று சத்தியம் பண்ணமாட்டேன், பள்ளிக்கூடமும் ரெண்டு நிமிட நடையில் இருந்தது. ஆனால் ஏஜென்ற் பிறகு மேசையைப் பற்றிக் கதைக்கவில்லை.

பேஸ்மென்ற். இங்கேதான் சிக்கல் கூட. கீழே குடியிருப்பவருக்கு ஸ்ரேஜிங் செய்யவேண்டிய கடமை எதுவும் இல்லை. ஒன்ராறியோச் சட்டப்படி, வாங்க வருகிறவருக்குக் காட்டுவதற்கு 24 மணித்தியாலம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் போகலாம். வீடு எங்களுடையது என்று கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள். சென்ரெனியல் கல்லூரியிலோ ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபறோ வளாகத்திலோ படிக்கிற பிள்ளைகள்தான் அநேகமாக இருப்பார்கள். அந்த மாத வாடகையில் கொஞ்சம் குறைத்து, துப்புரவுக்கு நீங்களே ஆள் விட்டு, எந்த நாளில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பிலும் கடிதத்திலும் சொன்னால், அநேகமானவர்கள் ஒத்துழைப்பார்கள். காட்டுவதற்கு முன்பே எழுப்பிவிடலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். விற்பதற்காக மட்டும் குடியிருப்பவரை எழுப்பச் சட்டத்தில் இடம் இல்லை. வாங்குகிறவர் தானோ தன் குடும்பமோ இருக்கப்போவதாகச் சொன்னால், ஒப்பந்தம் ஆனபிறகுதான் 60 நாள் அறிவித்தல் கொடுக்கலாம்.

யன்னல் இல்லாத பேஸ்மென்ற் அறைக்குள் கட்டில் போட்டுப் படமெடுக்கச் சொல்லி என்னிடம் கேட்பார்கள். நான் செய்வதில்லை. படுக்கையறை என்றால் நெருப்புப் பிடித்தால் ஏறித் தப்ப ஒரு யன்னல் வேண்டும். ஒன்ராறியோக் கட்டடக் கோவை அதற்கு 0.35 சதுர மீற்றர் திறப்பும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் கேட்கிறது. வேறு வழி இல்லாத அறைக்குள் ஒரு மேசையும் கணினியும் வையுங்கள், அல்லது வெறுமனே விடுங்கள். அனுமதி எடுக்காமல் போட்ட இரண்டாவது குசினியை எப்படிச் சொல்வது என்பதை உங்கள் வழக்கறிஞரோடு கதையுங்கள். “திருத்த வேலைகளின் சட்ட நிலைக்கு விற்பவர் பொறுப்பல்ல” என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பது உதவாது.

தண்ணீர் கசிந்த சுவருக்கு முன்னால் புத்தக அலுமாரி வைப்பதும், ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடிப்பதும் அதே வகை. வீடு பார்க்கிற இன்ஸ்பெக்டர் ஈரமானியைச் சுவரில் வைத்தால் ஊசி ஏறிவிடும். கண்ணுக்குத் தெரிகிற குறையைப் பார்ப்பது வாங்குகிறவர் பாடு. ஆனால் உங்களுக்குத் தெரிந்த, கண்ணுக்குத் தெரியாத, வீட்டை ஆபத்தாகவோ இருக்க உதவாததாகவோ ஆக்குகிற குறையைச் சொல்லாமல் விட்டால் பிறகு வழக்குக்கு வரலாம். வேண்டுமென்று மறைத்தது நிரூபணமானால் உங்கள் நிலை இன்னும் மோசம். தளபாடத்தை எதற்கு முன்னால் நிறுத்துகிறீர்கள் என்பதும் அப்போது கேள்வியாக வரும். என்னிடம் அப்படிக் கேட்டால், திருத்துகிறவரின் இலக்கத்தைத் தந்துவிட்டு வந்துவிடுவேன். ஸ்ரேஜிங் காசில் பாதியைக் கசிவுக்குக் கொடுங்கள், ரசீதை வைத்திருந்து வருகிறவருக்குக் காட்டுங்கள். பூச்சாடியைவிட அந்த ரசீதுக்கு மதிப்புக் கூட.

காசுக் கணக்குக்கு வருகிறேன். “ஸ்ரேஜிங் இனாம்” என்று நோட்டீசில் பார்த்திருப்பீர்கள். எதுவும் இனாம் இல்லை. கொமிஷனுக்குள் அடங்கியிருக்கிறது, அந்தக் கொமிஷனுக்கு மேலே 13 சதவீத வரியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். அது பிழையென்று சொல்லவில்லை. ஆனால் என்ன அடங்கியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஆலோசனை மட்டுமா? உங்கள் சாமானை வைத்தே ஒதுக்கித் தருவதா? முழு வாடகைத் தளபாடமா? வாடகை என்றால் எத்தனை கிழமைக்கு? 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டி நின்ற நேரம், ஒரு கிழமைக்குள் ஒஃபர் வந்து கதை முடிந்துவிடும். செற்றி எத்தனை நாளுக்கு வாடகை என்று எவரும் கேட்கவில்லை. அந்த மார்ச்சில் கனடா வங்கி வட்டியை 0.25 சதவீதத்தில் இருந்து ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5 சதவீதத்தில் கொண்டுவந்து விட்டது. பிறகு குறைத்தார்கள், ஆனால் அந்தப் பழைய வேகம் திரும்பவில்லை. மாதக்கணக்கில் கிடக்கிற வீட்டில் வாடகைச் செற்றியும் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டாம் மாதத்தில் இருந்து அதற்கு யார் காசு கட்டுவது என்ற கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் கையெழுத்து வைத்தபிறகுதான் வருகிறார்கள்.

நீங்கள் குடியிருக்கிற வீடு என்றால், உங்கள் சாமானைக் குறைத்து ஒதுக்குவதே போதும் என்றுதான் பெரும்பாலும் சொல்வேன். எடுத்த சாமானைக் கராஜில் குவிக்காமல், ஒரு சேமிப்பறை வாடகைக்கு எடுங்கள். கராஜையும் திறந்து பார்ப்பார்கள், ஒடியல் மாவும் ஆட்டிறைச்சியும் நிறைந்த டீப் ஃபிரீசர் உட்பட. வெறுமையாகிவிட்ட வீடு வேறு. வெறும் அறையின் அளவு பலருக்குப் பிடிபடாது, சுவரில் இருக்கிற ஆணித் துவாரம்தான் கண்ணில் படும். அங்கே ஹோல், பெரிய படுக்கையறை, கோணலான ஏதாவது ஒரு மூலை, இந்த மூன்றுக்கு மட்டும் தளபாடம் போட்டால் போதும். மற்ற அறைகளுக்கும் போடச் சொன்னால் அது தளபாடக் கம்பனியின் லாபம். கணினியில் செற்றி கீறிப் படம் போடுகிற வழியும் இருக்கிறது. மலிவு, ஆனால் அப்படிக் கீறினது என்று படத்திலேயே எழுத வேண்டும். அதிலும் சுவரின் கறையை அழிப்பது, யன்னலுக்கு வெளியே மரம் நடுவது எல்லாம் கூடாது. வந்து பார்க்கிறவர் கோபத்தோடு திரும்பிப் போவார்.

படமெடுக்கிற நாளுக்கு முதல் நாள் தங்கநகை, பாஸ்போட், காசோலைப் புத்தகம், வங்கிக் கடிதங்கள், மருந்துகள் எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோங்கள். கதவில் தொங்குகிற லொக்பொக்ஸில் உங்கள் திறப்பு இருக்கும், நாளுக்குப் பலர் வந்து போவார்கள். எல்லோரும் உங்கள் ஏஜென்ற் அறிந்த ஆட்கள் இல்லை.

இன்னொன்று, இது அடிக்கடி சண்டையில் முடிகிறது. ஊரில் இருந்து கொண்டுவந்த தூண்டாமணி விளக்கு முகட்டில் கொளுவியிருக்கும், சாப்பாட்டறையில் விலைகூடின தொங்குவிளக்கு இருக்கும். சுவரோடும் முகட்டோடும் பொருத்தியிருப்பது வீட்டோடு போகிறது என்பதுதான் வழமை. ஒப்பந்தத்தில் விலக்கு என்று எழுதாவிட்டால் பிறகு கழற்றிக்கொண்டு போக ஏலாது. எழுதுவதைவிட நல்லது, படமெடுக்க முதலே அதைக் கழற்றிவிட்டு ஹோம் டிப்போவில் ஒரு சாதாரண விளக்கை வாங்கிக் கொளுவுவது. காணாத விளக்கை எவரும் கேட்கமாட்டார்கள். தளபாடம் வாடகைக்கு எடுத்தவர்கள், அதைத் திரும்ப எடுக்க வருகிற திகதியையும் இப்போதே பாருங்கள். வாங்கினவர் திறப்பு எடுப்பதற்கு முன் கடைசியாக ஒருக்கால் வந்து வீட்டைப் பார்ப்பார், அதற்கு முதல் நாளாவது லொறி வந்து போயிருக்க வேண்டும்.

அன்புடன்,
ஸ்காபறோவில் இருந்து, வீடு ஒதுக்குகிற உங்கள் சகோதரி